பேரேட்டில் இல்லாத பத்தி

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆடும் சாஃப்ட்பால் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஒரு தோழர் சிரித்துவிட்டார். 'நம்ம புள்ளைங்களுக்கு விடுதியில சோறு ஒழுங்கா கிடைக்கல, நீங்க அமெரிக்காக்காரி பந்தாடுறதை எழுதப் போறீங்களா?' என்றார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நான் எழுத வந்தது பந்தைப் பற்றி அல்ல, கணக்கைப் பற்றி. ஓர் அணிக்கு யார் யார் பயிற்சியாளர், அதில் யாருக்குச் சம்பளம், யாருக்கு வெறும் வேலை; பணம் எங்கிருந்து வருகிறது, யாரிடம் போய்ச் சேருகிறது; ஆடியவள் கடைசியில் பட்டம் வாங்கினாளா இல்லையா. இந்த மூன்று கணக்கையும் ஒரே ஊரில் இருக்கும் இரண்டு பல்கலைக்கழகங்களில் வைத்துப் பார்த்தால் ஒரு சட்டம் யாருடைய போராட்டத்தில் பிறந்து யார் வீட்டில் போய் உட்கார்ந்தது என்பது தெரிகிறது. அது நமக்குத் தெரிய வேண்டிய விசயம்.

ஊரின் பெயர் பேட்டன் ரூஜ். லூசியானா மாநிலத்தின் தலைநகரம், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது. தெற்கே லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம், சுருக்கமாக எல்.எஸ்.யு. வடக்கே ஸ்காட்லண்ட்வில் பகுதியில் சதர்ன் பல்கலைக்கழகம். முன்னது வெள்ளையருக்கென்று கட்டியது. பின்னது கறுப்பருக்கென்று ஒதுக்கியது. மத்திய அரசின் நிலமானியப் பணம் வேண்டுமென்றால் கறுப்பு மாணவரைச் சேர்த்துக்கொள், இல்லையேல் அவர்களுக்குத் தனியாக ஒரு கல்லூரி வை என்று 1890-இல் ஒரு சட்டம் வந்தது. தெற்கு மாநிலங்கள் எதைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தனிக் கிணறு, தனிச் சுடுகாடு போலத் தனிக் கல்லூரி. 1953-இல் ஏ.பி. டுரோ என்ற கறுப்பு வழக்கறிஞரின் மகன் நீதிமன்ற உத்தரவோடு எல்.எஸ்.யு.வில் இளநிலை வகுப்பில் சேர்ந்தார். அவரால் அங்கே 55 நாள்தான் இருக்க முடிந்தது. யாரும் பேசுவதில்லை, பக்கத்தில் உட்காருவதில்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் அந்த ஊர்க் கறுப்பர்கள் பேருந்தைப் புறக்கணித்துத் தெருவில் நடந்தார்கள். நாம் படித்திருக்கும் மாண்ட்கோமரி புறக்கணிப்பு அதற்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான். எல்.எஸ்.யு.வின் இளநிலை வகுப்புகள் கறுப்பருக்குத் திறக்க 1964 ஆனது. அதுவும் நீதிமன்றம் சொல்லித்தான்.

இனி 1972. பம்பாயில் தலித் சிறுத்தைகள் அமைப்பு உருவான ஆண்டு. அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டு நம்மவர்கள் எழுந்த ஆண்டு. அதே ஆண்டு ஜூன் 23-இல் வாஷிங்டனில் கல்விச் சட்டத் திருத்தங்கள் கையெழுத்தாயின. அதன் ஒன்பதாம் தலைப்பு, மத்திய அரசின் நிதி வாங்கும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பால் அடிப்படையில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்றது. கல்லூரிப் பெண்களுக்கு விளையாட்டு வந்து சேர்ந்தது இந்த ஒரு வாக்கியத்தால்தான். அதற்கு முன்பு நாடு முழுக்கக் கல்லூரி அணிகளில் ஆடிய பெண்கள் 30,000 பேர்கூட இல்லை. இப்போது 2 லட்சத்துக்கு மேல்.

அதே 1972-இன் நவம்பர் 16. சதர்ன் பல்கலைக்கழக மாணவர்கள் வாரக்கணக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கும் போதிய நிதி கொடு, வசதி கொடு, எங்கள் கல்லூரி நிர்வாகத்தில் எங்களுக்கும் குரல் கொடு என்பதுதான் கோரிக்கை. காவலர்கள் வளாகத்துக்குள் நுழைந்தார்கள். கண்ணீர்ப்புகை, துப்பாக்கிச் சூடு. டென்வர் ஸ்மித், லெனார்ட் பிரவுன் என்ற இரண்டு மாணவர்கள் செத்தார்கள். இருவருக்கும் வயது 20. ஒருவர் மீதும் வழக்கு இல்லை. 2017-இல் அந்த இருவருக்கும் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது. 2022-இல் மாநில ஆளுநர் மன்னிப்புக் கேட்டார். ஐம்பது வருசம் கழித்து.

ஒரே ஆண்டில் நடந்த இந்த இரண்டையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. ஒன்று பெண்கள் வரலாறாம், இன்னொன்று கறுப்பர் வரலாறாம். ஆனால் ஒன்பதாம் தலைப்பின் வாசகம் எங்கிருந்து வந்தது? 1964 குடியுரிமைச் சட்டத்தின் ஆறாம் தலைப்பிலிருந்து. கறுப்பர்கள் தடியடி பட்டு, நாய்க்கடி பட்டு, உயிர் கொடுத்து வாங்கிய சட்டம் அது. இனம், நிறம், தேசப்பிறப்பு என்று இருந்த இடத்தில் 'பால்' என்ற சொல்லைப் போட்டு மறுபடி எழுதினார்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதை முன்னின்று கொண்டுவந்தவர்களில் ஒருவர் பாட்சி மிங்க். நாடாளுமன்றத்துக்குள் போன முதல் வெள்ளையரல்லாத பெண். சட்டத்துக்கு முன்பு, 1970-இல், எடித் கிரீன் நடத்திய விசாரணையில் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் பாலி மர்ரே. இவரைப் பற்றி நம் பெண்ணியத் தோழியர் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. கறுப்பு என்பதால் வட கரோலினாப் பல்கலைக்கழகம் 1938-இல் அவரைச் சேர்க்கவில்லை. பெண் என்பதால் ஹார்வர்டு சட்டப் பள்ளி 1944-இல் சேர்க்கவில்லை. இனஒதுக்கலுக்கு 'ஜிம் குரோ' என்று பெயர் இருந்த நாட்டில் இவர் 'ஜேன் குரோ' என்று ஒரு பெயர் வைத்தார். இரண்டு அடியும் ஒரே முதுகில் விழும்போது அதற்கென்று தனிப் பெயர் வேண்டும் அல்லவா. அந்த முதுகுக்குச் சொந்தக்காரி வந்து சாட்சி சொன்ன சட்டத்தில் கடைசியில் ஒரு அடிக்குத்தான் இடம் இருந்தது.

சரி, சாஃப்ட்பாலுக்கு வருவோம். 1887-இல் சிகாகோவில் ஒரு படகுக் கழகத்தில் குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிக் கம்பால் அடித்து ஆரம்பித்த ஆட்டம் இது. பேஸ்பாலின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். (நம் ஊர்ப் பள்ளிகளிலும் ஆடுகிறார்கள்.) கல்லூரிப் பெண்களுக்கான தேசியப் போட்டி 1969-இலேயே தொடங்கிவிட்டது. பெண்கள் விளையாட்டை அப்போது பெண்களே ஒரு சங்கம் வைத்து நடத்தினார்கள். 1981-82-இல் ஆண்களின் தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம், அதாவது என்.சி.ஏ.ஏ., உள்ளே வந்தது. பெண்கள் சங்கம் அழிந்தது. 1972-இல் பெண்கள் அணிகளில் நூற்றுக்கு 90-க்கு மேல் பெண்களே பயிற்சியாளர்கள். 2014-இல் அது 43 ஆகிவிட்டது. சம்பளம் இல்லாத வரை அது பெண்கள் வேலை. சம்பளம் வந்ததும் ஆண்கள் வேலை. அப்படி வந்த ஆண்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள்.

எல்.எஸ்.யு.வில் 1979-இல் சாஃப்ட்பால் அணி வைத்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்திலேயே கலைத்தும் விட்டார்கள். ஒரு கல்லூரியின் ஒரு பிரிவு மட்டும் மத்திய நிதி வாங்கினால் சட்டம் அந்தப் பிரிவை மட்டும்தான் கட்டும் என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விளையாட்டுத் துறைக்கு விடுதலை! 1988-இல் ரீகனின் மறுப்பை மீறி நாடாளுமன்றம் அதைச் சரிசெய்தது. 1992-இல் நட்டஈடும் கேட்கலாம் என்றானது. 1994-இல் எல்.எஸ்.யு. மாணவிகள் வழக்குத் தொடுத்தார்கள். முதலில் கால்பந்து ஆட விரும்பிய பெண்கள், அப்புறம் சாஃப்ட்பால் பெண்கள். பீடர்சன் வழக்கு என்று அதற்குப் பெயர்.

அந்த வழக்கில் வெளிவந்த செய்திகளைப் படித்தால் நம் ஊர்க் கல்லூரி முதல்வர் அறையில் நிற்பது போலவே இருக்கிறது. மாணவர்களில் ஆண் 51, பெண் 49 விழுக்காடு. அணிகளில் ஆண் 71, பெண் 29. சாஃப்ட்பால் அணி கேட்டுப் போன மாணவியிடம் பெண்களுக்கு அடிபட்டுவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். பயணச் செலவு, ஆள், பயிற்சி இடம் என்று எல்லாவற்றிலும் ஆண்களுக்குத் தாராளம். விளையாட்டுத் துறை இயக்குநர், கால்சட்டை போட்டுக்கொண்டு ஓடினால் பார்க்க அழகாக இருப்பார்கள் என்பதைக் கால்பந்து அணிக்கு ஒரு காரணமாகச் சொன்னார். மூத்த பெண் நிர்வாகி என்று ஒரு பதவி. துறையிலேயே உயர்ந்த இடத்தில் இருக்கும் பெண்ணுக்கு உரியது. அந்தப் பதவியில் கீழ்மட்ட ஊழியர் ஒருவரை உட்கார வைத்தார்கள். அவரும் ஆண்! பெண் ஊராட்சித் தலைவரின் நாற்காலியில் அவர் வீட்டுக்காரர் உட்காருவதைப் பார்த்த நமக்கே இது கொஞ்சம் அதிகம்தான்.

1996-இல் கீழ் நீதிமன்றம், சட்டத்தை மீறியிருக்கிறார்கள், ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை, அறியாமையும் அகங்காரமும்தான் காரணம் என்றது. 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப்போட்டது. பெண்ணைப் பற்றிய பழைய நினைப்பை வைத்துக்கொண்டு பெண்ணை வேறுமாதிரி நடத்தினாய் அல்லவா, அதுதான் உள்நோக்கம், சட்டம் தெரியாது என்று ஒரு பல்கலைக்கழகம் தப்பிக்க முடியாது என்றது. இந்த இடத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். இரட்டைக்குவளை வைத்திருந்த டீக்கடைக்காரர் நம்மிடம் என்ன சொன்னார்? 'ஊர் வழக்கம்ங்க, மனசுல ஒண்ணுமில்ல.' மனசில் இல்லாத ஒன்று குவளையில் எப்படி வந்தது என்று எந்த நீதிமன்றமும் இவ்வளவு நேராகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

வழக்குப் போட்ட அழுத்தத்தில் 1997-இல் எல்.எஸ்.யு.வில் மறுபடி சாஃப்ட்பால் அணி வந்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பு வருவதற்குள் வழக்குத் தொடுத்தவர்களின் கல்லூரிக் காலம் முடிந்துவிட்டது. அணி 2001-இலும் 2004-இலும் தேசிய இறுதிச்சுற்று வரை போனது. 2009-இல் புது மைதானம். வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மைதானத்துக்குள் போன பெண்கள் யார்?

இங்கேதான் பணக்கணக்கு பேசுகிறது. ஒரு சாஃப்ட்பால் அணிக்கு என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில் அண்மைக்காலம் வரை 12 முழு உதவித்தொகைதான் அனுமதி. அணியில் இருப்பதோ இருபது பேர். ஆகவே பன்னிரண்டைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருத்திக்குப் பாதி, ஒருத்திக்குக் கால், ஒருத்திக்குப் புத்தகச் செலவு மட்டும். மீதியை அப்பா அம்மா கட்ட வேண்டும். பெண்கள் கூடைப்பந்துக்கு அப்படி இல்லை. 15 பேர், பதினைந்தும் முழுசு. கையில் காசில்லாத வீட்டுப் பெண் எந்தப் பக்கம் போவாள்? அது மட்டுமில்லை, கூடைப்பந்துக்குத் தெருமுனைத் தளம் போதும். சாஃப்ட்பாலில் கல்லூரிக் கண்ணுக்குப் பட வேண்டுமானால் பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்தே தனியார் அணிகளில் சேர்ந்து, ஊர் ஊராகக் காரில் போய், பந்தெறியத் தனிப் பயிற்சியாளர் வைத்து ஆட வேண்டும். மட்டை, கையுறை எல்லாம் அவரவர் செலவு. இது புறநகரில் வீடும் சனி ஞாயிறு விடுமுறையும் உள்ள குடும்பத்தின் ஆட்டம். கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேர் கறுப்பர். சாஃப்ட்பாலில் பத்தில் ஒருவர்கூடத் தேறாது. அமெரிக்காவின் ஒலிம்பிக் சாஃப்ட்பால் அணியில் ஒரு கறுப்புப் பெண், நடாஷா வாட்லி, ஆடியது 2004-இல்தான். ஒன்பதாம் தலைப்பு வந்து 32 வருசம்.

பயிற்சியாளர் கணக்கும் இதே கதைதான். தலைமைப் பயிற்சியாளர் ஒருவர், சம்பளத்துக்கு உதவியாளர் இருவர், அப்புறம் 'தொண்டர்' என்ற பெயரில் இன்னொருவர். இந்தத் தொண்டருக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்பது விதி. கொடுக்க மனமில்லை என்பதல்ல, கொடுக்கவே கூடாது. ஆனால் வேலை முழுநேரம். பயிற்சியாளர் ஆவதற்கு ஏணியின் முதல் படி இது. ஒரு வருசம் இரண்டு வருசம் சம்பளமில்லாமல் இருக்க யாரால் முடியும்? கடன் வாங்கிப் படித்து, வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவளால் முடியுமா? 2023 ஜூலையில்தான் இந்த விதியை எடுத்தார்கள். அதற்குள் ஒரு தலைமுறை ஏறிப் போய்விட்டது.

இந்த அணிக்கான பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான சாஃப்ட்பால் அணிகளால் டிக்கெட் விற்றுத் தங்கள் செலவைத் தாங்க முடியாது. எல்.எஸ்.யு. போன்ற இடங்களில் விளையாட்டுத் துறைக்குச் சோறு போடுவது அமெரிக்கக் கால்பந்து. அந்த அரங்கில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். பெரிய கல்லூரிகளின் அந்த அணிகளில் பாதிக்குப் பக்கம் கறுப்பு இளைஞர்கள். மண்டை உடைந்து, முட்டி தேய்ந்து அவர்கள் ஆடியதற்குப் பல காலம் கூலி கிடையாது. படிப்புச் செலவு மட்டும். அந்த உழைப்பில் வந்த பணம் புறநகர் வெள்ளைப் பெண்ணின் அரை உதவித்தொகையாகப் போனது. அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. அவளும் போராடித்தான் வாங்கினாள். பணம் நடந்த தடத்தைக் காட்டுகிறேன். 2025 ஜூனில் வந்த நீதிமன்றத் தீர்வுப்படி, ஆடுபவர்களுக்குக் கல்லூரிகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கோடி டாலர் வரை நேரடியாகப் பங்கு தரலாம். அதில் சேர்ந்த கல்லூரிகளில் 12 என்ற வரம்பும் போய், அணிக்கு 25 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. கொடுக்கக் காசுள்ள கல்லூரிக்கு நல்ல சேதி.

காசில்லாத கல்லூரி அதே ஊரின் வடக்கே இருக்கிறது.

சதர்னிலும் பெண்கள் சாஃப்ட்பால் ஆடுகிறார்கள். அந்தக் கல்லூரிக்கு மாநிலம் செய்த அநீதியைப் பற்றி மத்திய அரசு 1974-இல் தொடுத்த வழக்கு 1994-இல்தான் சமரசத்தில் முடிந்தது. அதாவது எல்.எஸ்.யு. பெண்கள் வழக்குத் தொடுத்த அதே ஆண்டில். முடிந்ததா என்றால் இல்லை. 1890 சட்டத்தின் கீழ் வந்த கறுப்பர் கல்லூரிகளுக்கு முப்பது ஆண்டுகளில் மாநிலங்கள் கொடுக்காமல் விட்டது 1200 கோடி டாலருக்கு மேல் என்று 2023-இல் மத்திய அமைச்சர்கள் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். லூசியானாவும் அதில் ஒன்று.

இந்தப் பற்றாக்குறை படிப்புக் கணக்கில் எப்படித் தலைகாட்டுகிறது பாருங்கள். உதவித்தொகை வாங்கி ஆடும் ஒவ்வொருவருக்கும் பருவத்துக்கு இரண்டு மதிப்பெண் என்று என்.சி.ஏ.ஏ. ஒரு முறை வைத்திருக்கிறது. கல்லூரியில் தொடர்ந்தால் ஒன்று, தேர்ச்சித் தகுதியோடு இருந்தால் ஒன்று. ஓர் அணி ஆயிரத்துக்கு 930 எடுக்க வேண்டும். குறைந்தால் தண்டனை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, தகுதி திறமை என்று நம் காதில் ஓதுவது மாதிரி. ஆனால் ஒரு பெண் பாதியில் நிற்பது படிப்பு வராததால் மட்டுமா? வீட்டில் காசு தீர்ந்தாலும் நிற்பாள். பணக்காரக் கல்லூரியில் ஆட்டக்காரர்களுக்கென்றே தனிப் படிப்பகம், தனி ஆசிரியர்கள், இந்த மதிப்பெண்ணைக் கணக்கு வைக்கவே தனி அலுவலகம். ஏழைக் கல்லூரியில் ஒருவரே நாலு வேலை பார்ப்பார். 2014-இல் சதர்ன் அனுப்பிய கணக்கு பயன்படுத்தத் தகுந்ததாக இல்லை என்று சொல்லி, அதன் எந்த அணியும் பருவ இறுதிப் போட்டிகளில் ஆடக்கூடாது என்று என்.சி.ஏ.ஏ. அறிவித்தது. நன்றாகக் கவனியுங்கள். புள்ளைங்க படிக்கவில்லை என்று அல்ல, கணக்கு சரியில்லை என்று. கணக்கு எழுத ஆள் இல்லாததற்குத் தண்டனை, பந்து எறிந்தவளுக்கும் சேர்த்து. இந்த முறை கறுப்பர் கல்லூரிகளையே குறிவைத்து அடிக்கிறது என்று 2020-இல் கறுப்பு ஆட்டக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள்.

இவ்வளவும் தெரிந்துகொள்ள அங்கே பதிவேடு இல்லாமல் இல்லை. 1994-இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு கல்லூரியும் எத்தனை ஆண் ஆடினார், எத்தனை பெண் ஆடினார், பயிற்சியாளர் சம்பளம் எவ்வளவு, உதவித்தொகை எவ்வளவு, செலவு எவ்வளவு என்று ஆண்டுதோறும் எழுதிக் காட்ட வேண்டும். யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். நல்ல சட்டம். ஆண் ஒரு பத்தி, பெண் ஒரு பத்தி. இனத்துக்குப் பத்தி கிடையாது. நம் ஊர் அலுவலகத்தில் இனச்சுழற்சிப் பதிவேடு வை என்று சண்டை போட்டவர்களுக்கு அதன் பொருள் புரியும். பத்தி இல்லாத இடத்தில் ஆள் இல்லை. பெண்களுக்கு 49 விழுக்காடு கொடுத்துவிட்டோம் என்று ஒரு கல்லூரி நெஞ்சை நிமிர்த்தலாம். அதில் ஒரு கறுப்புப் பெண்கூட இல்லாவிட்டாலும் அந்தத் தாளில் குறை தெரியாது.

இன்னொரு தாள் உண்டு. ஆட்டக்காரர்களில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்று காட்டச் சொல்லும் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தாள். அதில் இனத்துக்குப் பத்தி இருக்கிறது. சம்பளமும் செலவும் அதில் இல்லை. விளையாட்டுவாரியாகவும் பிரித்திருக்கிறார்கள். பெண்கள் பக்கத்தில் மொத்தம் மூன்று தலைப்பு. கூடைப்பந்து ஒன்று. ஓட்டப்பந்தயம் ஒன்று. மூன்றாவதின் பெயர் 'மற்றவை'. சாஃப்ட்பால் அந்த மூன்றாவதில் இருக்கிறது.